ஆஷூரா: ஒரே நாள், இரு நிகழ்வுகள்



முஹர்ரம் 10, ஆஷூரா நாள். மூஸா (அலை) அவர்களை ஃபிர்அவ்னிடமிருந்து அல்லாஹ் காப்பாற்றிய நாள். அதற்கு நன்றியாக மதீனத்து யூதர்கள் நோன்பிருக்கக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மூஸாவுக்கு நாமே நெருக்கமானவர்கள் எனக் கூறித் தாமும் நோன்பு நோற்றார்கள். ஹிஜ்ரி 61இல் (கி.பி. 680) அதே நாளில்தான் கர்பலாவில் ஹுசைன் (ரலி) அவர்கள் ஷஹீதாக்கப்பட்டார்கள்.

மீட்பும் துயரமும் ஒரே நாளில்! அவ்வாறாயின் அது நல்ல நாளா, கெட்ட நாளா?

நாமகிரிப்பேட்டைச் சகோதரர்களே! மஞ்சளை ஏலத்திற்குக் கொண்டுசெல்கையில் விலையைத்தான் பார்க்கிறோம். பிள்ளைகளின் நிக்காஹை மட்டும் முஹர்ரம் மாதம் என்று தள்ளிப்போடுவது ஏன்? சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஃபிர்அவ்னை அழித்தது நாளன்று, அவனது அநியாயமே.

ஆகவே, 9, 10 இரு நாள்களும் நோன்பு நோற்போம். காத்திருக்கும் குமர்களின் நிக்காஹை இம்மாதத்திலேயே முடித்து வைப்போம். அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.