என்ஜினில் முறிந்த போல்ட்டை எடுக்கும் விதம்
(சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



நமது சங்கத்து டிராக்டர் உழவுப் பருவத்தின் நடுவில் ஒன்பது நாள் நின்றுபோனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதற்குக் காரணம் ஒரு சிறு போல்ட். அதனினும் பெரிய காரணம் என்னுடைய அவசரம். ஆகையால் அவ்விஷயத்தைக் குறித்து நானே உங்களிடம் பேசுவதுதான் நியாயம்.

காராயினும் டிராக்டராயினும், புகைபோக்கிக் குழாயை என்ஜினுடன் பிணைக்கும் போல்ட்டுகள் எளிதில் முறியக்கூடியவை. என்ஜின் ஓடுகையில் அவை கடுஞ்சூடடைந்து விரிகின்றன; நின்றபின் சுருங்குகின்றன. பலகால் இவ்வாறு நிகழ்வதால் போல்ட் தளர்கிறது. துருவோ மரைக்குள் இறுகிக்கொள்ளுகிறது. ஸ்பானர் அசைய மறுத்தால் அதன் பிடியில் நீண்ட குழாயை மாட்டி இழுப்பது நம்மவர் வழக்கம். நானும் அதையே செய்தேன். தலை கையோடு வந்தது. தண்டு உள்ளே நின்றது.

முறிந்த தண்டு சற்றேனும் வெளியே நீண்டிருந்தால் பாக்கியம். துரு இளக்கும் எண்ணெயை இட்டு ஓரிரவு விட்டுவிடுங்கள். காலையில் தண்டின் முனையைச் சுத்தியலால் மெதுவாகப் பலமுறை தட்டி, குறட்டால் பற்றி, சிறிது வலமும் சிறிது இடமுமாக அசைக்கவேண்டும். ஒரே பக்கமாக வலிந்து திருகலாகாது. அப்படியும் அசையாவிடில், தண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்விப்பது நல்ல முறை. அந்தச் சூடே துருவின் பிடியைத் தளர்த்தும். ஆறியபின் நட்டில் ஸ்பானரை மாட்டித் திருப்பலாம். முன்னதாகப் பாட்டரியின் இணைப்பைக் கழற்றி, எண்ணெய்க் கசிவைத் துடைத்து, மணல் வாளியை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். என்ஜினின் தலைப்பாகம் அலுமினியமாயின் கைதேர்ந்தவரிடமே விடவேண்டும். அலுமினியம் சுமார் 660 டிகிரி சென்டிகிரேடில், இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்காமலே உருகிவிடும்.

தண்டு உள்ளடங்கி முறிந்திருந்தால் துளையிட நேரும். இங்கேதான் நான் முழுதும் தவறினேன். நடுவைச் சரியாகக் குறிக்காமல் டிரில்லைச் செலுத்தினேன். துளை ஓரமாகச் சென்றது. அதில் போல்ட் எடுக்கும் திருகைச் செருகிப் பலங்கொண்ட மட்டும் திருப்ப, அதுவும் உள்ளே முறிந்தது. அது மிகவும் கடினமாக்கப்பட்ட எஃகு. சாதாரண டிரில் அதன்மேல் வழுக்குமேயன்றி வெட்டாது. ஒன்பது நாளும் பட்டறைக் கூலியும் அதனால் வந்தவையே.

செய்திருக்கவேண்டியது இது: முறிந்த முகத்தைச் சமப்படுத்தி, சென்டர் பஞ்சினால் மத்தியைக் குறித்து, 3 மில்லிமீட்டர் டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகத் துளையைப் பெரிதாக்குதல். 1.5 மில்லிமீட்டர் மரையுள்ள 10 மில்லிமீட்டர் போல்ட்டாயின் 8.5 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. தாண்டினால் என்ஜினின் மரையே சிதையும். இடமாகச் சுழன்று வெட்டும் டிரில் கிடைத்தால், துளைக்கும்பொழுதே தண்டு கழன்று வந்துவிடுவதும் உண்டு. இரும்புத் தூள் என்ஜினுக்குள் விழாதபடி துவாரங்களைத் துணியால் அடைத்துவையுங்கள். பிறகு அத்துணியை எடுக்க மறவாதீர்கள்!

புதிய போல்ட்டைப் பூட்டுமுன் டாப்பினால் மரையைச் சுத்தம் செய்து, செம்புத்தூள் கலந்த பசையைத் தடவவேண்டும். அப்பசை ஒரு குப்பி வாங்கிச் சங்கப் பெட்டியில் வைத்திருக்கிறோம்; சாவி காரியதரிசியிடம் இருக்கிறது. அந்த நீண்ட குழாயையும் அவரிடமே ஒப்புவித்துவிட்டேன்.