மூத்த மாலுமிகளின் வரலாற்றை எழுதுவோம்



கொள்ளிடக் கரையில் நெல் விளையும் தா.பழூரில் கடற்படைக் கருத்தரங்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். கங்கைகொண்ட சோழபுரம் நமக்குப் பக்கத்து ஊர். 1025-இல் கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பிய முதலாம் இராசேந்திரனின் தலைநகர் அது. அங்குள்ள மாளிகைமேட்டில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. கடலைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியை இங்குள்ள தமிழாசிரியர்கள் அறிவார்கள். கப்பல்கள் சென்றதை அது சொல்கிறது. பிடிபட்ட கடாரத்து மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பெயரைச் சொல்கிறது. கவர்ந்து வந்த யானைகளையும் வித்தியாதரத் தோரணத்தையும் சொல்கிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம் என்று ஊர்களை அடுக்குகிறது. அந்தக் கப்பல்களில் சுக்கான் பிடித்தவர், பாய்க்கயிற்றுக்குப் பொறுப்பானவர், புதிதாய் ஏறிய இளைஞனுக்குக் காற்றின் குறி பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் எவரின் பெயரும் அதில் இல்லை. மெய்க்கீர்த்தி மன்னனின் புகழைச் சொல்ல எழுந்தது. அதைக் குறை சொல்வதற்கில்லை. அந்த வெற்றிடத்தை இன்று நாம் எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதுதான் என் கவலை. சோழர் கடற்படைப் பதவிகள் என்று நீண்ட பட்டியல்கள் கைப்பேசிகளில் சுற்றுகின்றன. நான் பார்த்தவை எதிலும் கல்வெட்டுச் சான்று காட்டப்படவில்லை. சான்று இல்லாததை மேடையில் சொல்லாதீர்கள் என்று மாணவர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கற்பனைப் பட்டியலால் சோழர் பெருமை கூடப்போவதில்லை.

இன்றைய இந்தியக் கடற்படைக்கு வருகிறேன். மாலுமியாகச் சேர்பவர் லீடிங் சீமேன், பெட்டி ஆபீசர், சீஃப் பெட்டி ஆபீசர் என்று படிப்படியாக உயர்கிறார். அதற்கு மேல் மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர், இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு. தரைப்படையில் சுபேதார் மேஜர் எந்த இடத்தில் இருக்கிறாரோ, கடற்படையில் அந்த இடம் இந்த முதல் வகுப்பு மாஸ்டர் சீஃபுக்கு. அமெரிக்கக் கடற்படையும் இதேபோன்ற சீஃப் பெட்டி ஆபீசர் பதவியை 1893 ஏப்ரல் முதல் நாள் ஏற்படுத்தியது. 1967-இல் அந்தக் கடற்படை முழுமைக்கும் ஒரே ஒரு மூத்த மாலுமியை அமர்த்தி, மாலுமிகளின் குரல் தலைமைத் தளபதியின் அறைக்குள்ளேயே ஒலிக்க வழி செய்தது.

இந்த மூத்த மாலுமிகளின் வேலை என்ன? இருபத்திரண்டு வயது சப்-லெப்டினன்ட் கப்பலுக்கு வருகிறார். தோள்பட்டையில் அதிகாரம் இருக்கிறது, கைப்பழக்கம் இல்லை. அவருக்குக் கீழே தந்தை வயதில் ஒரு மாஸ்டர் சீஃப். இளைஞரை 'சார்' என்றுதான் அவர் விளிப்பார். ஆனால் எந்தக் கயிறு எத்தனை இழுவை தாங்கும், எந்தப் பம்பு எந்தச் சத்தம் எழுப்பினால் நிறுத்த வேண்டும், வீட்டிலிருந்து துயரச் செய்தி வந்த பையனை அன்றிரவு எந்தக் காவலில் போடக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதிகாரியின் மதிப்பு குறையாமல், மாலுமிகள் முன்னால் அல்லாமல், தனியே அழைத்து அதைச் சொல்லவும் தெரியும். இந்தப் பண்பாடுதான் கப்பலைக் காக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மரபுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். போசன் ஊதல் என்று ஓர் உலோகக் குழல், உள்ளங்கையில் அடங்குவது. முனையில் ஒரு சிறு உருண்டை, அதில் ஒரு துளை. விரல்களை அதன்மேல் குவித்து மூடினால் ஓசை உயரும், விரித்தால் தாழும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் காற்றிரைச்சலைத் தாண்டிக் கட்டளையைக் கொண்டு சென்றது இது. இன்றும் தளபதி கப்பலேறும்போது இதை ஊதி வரவேற்கிறார்கள். புத்தகத்தைப் பார்த்து இதை ஊத வராது. மூத்தவர் கையைப் பார்த்து இளையவர் பழக வேண்டும்.

அதிகாரிக்கும் மாலுமிக்கும் இடையிலான இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1946 சான்று. பிப்ரவரி 18 அன்று பம்பாயில் ஆங்கிலேயர் கால இந்தியக் கடற்படையின் 'தல்வார்' தளத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. கெட்ட உணவும் வெள்ளை அதிகாரியின் இழிசொல்லும் பொறுக்க முடியாமல் எழுந்த மாலுமிகளோடு ஏறத்தாழ 20,000 பேர், 78 கப்பல்களிலும் கரைத்தளங்களிலும் சேர்ந்துகொண்டார்கள். வேலைநிறுத்தக் குழுவுக்குத் தலைவர் எம்.எஸ். கான், லீடிங் சிக்னல்மேன். துணைத்தலைவர் மதன் சிங், பெட்டி ஆபீசர். மாலுமிகளின் நம்பிக்கை யாரிடம் இருந்தது என்பதை இந்த இரண்டு பெயர்களே காட்டும். அவர்களை வழிநடத்தியவர்கள் அவர்களுக்குள்ளிருந்தே வந்தார்கள்.

அத்தகைய தலைமையை இன்று முறையாகக் கற்பிக்கிறார்கள். கோவையில் கடலே இல்லை. அங்கேதான் ஐ.என்.எஸ். அக்ரானி, மூத்த மாலுமிகளுக்குத் தலைமைப் பண்பு கற்பிக்கும் கடற்படைப் பள்ளியாக இயங்குகிறது. தூத்துக்குடித் தோணிகளில் தண்டல் எனும் தோணித் தலைவர் செய்ததும் ஒருவகையில் மூத்த மாலுமியின் வேலையே: ஆட்களைச் சேர்ப்பது, பழக்குவது, பிணக்குத் தீர்ப்பது, கரை சேர்ப்பது. தோணித் தண்டல்களையும் கடற்படை மாஸ்டர் சீஃபுகளையும் ஒப்பிட்டு ஒருவர் முனைவர் பட்டத்துக்கு எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இப்போது ஒரு புதிய கேள்வி வந்திருக்கிறது. 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டத்தில் சேர்பவர்களுக்குப் பணிக்காலம் நான்கு ஆண்டு. அவர்களில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர் மட்டுமே தொடர்வார்கள். கடற்படையின் முதல் அணி 2023 மார்ச்சில் ஒடிசாவின் சில்காவில் பயிற்சி முடித்தது. ஒரு சீஃப் பெட்டி ஆபீசர் உருவாகப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். இளைஞர்கள் வேகமாக வந்து போகும் கப்பலில் மூத்தவரின் சுமை கூடுமே தவிரக் குறையாது. இளமையான படை வேண்டும் என்ற அரசின் வாதத்தை நான் மறுக்கவில்லை. கைமாறும் அனுபவத்துக்கு என்ன ஏற்பாடு என்பதை இந்த அரங்கு ஆராய வேண்டும். கடற்படையின் பதவிப் பெயர்களை இந்திய மரபுக்கேற்ப மாற்றப்போவதாக 2023 டிசம்பர் 4 அன்று சிந்துதுர்க்கில் பிரதமர் அறிவித்தார். பெயர் மாறட்டும், மூத்த மாலுமி என்ற பதவியின் உட்பொருள் மாறாமல் இருக்க வேண்டும்.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மாலுமியை இனி நாம் கேட்க முடியாது. கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்று ஊர் திரும்பி, இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களைக் கேட்க முடியும். ஆளுக்கொருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். எந்தக் கப்பல், என்ன வேலை, யாரிடம் கற்றார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று கேட்டு, அவர் ஒப்புதலோடு அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். படைத்துறை இரகசியம் எதையும் கேட்காதீர்கள். பதிவின் ஒரு படியை உங்கள் கல்லூரி நூலகத்தில் வையுங்கள், இன்னொன்றை அவர் வீட்டாரிடம் கொடுங்கள். மதிய உணவு இடைவேளையிலேயே தொடங்கலாம். பெரியவர்கள் மாலை வரை இங்கேதான் இருப்பார்கள்.

கருத்தரங்கு இனிதே தொடங்குகிறது.