பத்திரத்தில் பெண்ணின் கையொப்பம் எங்கே?

(றக்வானையில் நடைபெற்ற தோட்ட மாதர் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

மலையிலிருந்து கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தோழர்களே!

சமாதானத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதை உங்களுக்குக் கற்பிக்க வந்தேனல்லேன். லயத்தில் இரு வீட்டார் மோதிக்கொண்டால் நடுவே புகுந்து விலக்குபவர் யார்? தோட்டத்துக்கும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும் மனத்தாங்கல் உண்டானால் முதலில் பேச்சைத் தொடங்குபவர் யார்? ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் தமிழ்ப் பெண்ணும் சிங்களப் பெண்ணும் அல்லவா?

என் தொழிலில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் பீலித் தண்ணீர் பற்றித் தகராறு மூண்டது. மேலே லயத்தார் குழாய் போட்டனர். கீழே கிராமத்தார் அதை வெட்டினர். கல்லெறி நடந்தது, பொலிசும் வந்தது. ஆண்கள் என்னிடம் வழக்குப் பேச வந்தனர். அதற்குள் இரு பக்கத்துப் பெண்களும் பீலியடியில் நின்றபடியே, காலையில் யாருக்கு, மாலையில் யாருக்கு என்று நேரம் வகுத்து முடித்துவிட்டனர்!

பின்னர் அந்த இணக்கம் எழுத்தில் வந்தது. கையொப்பமிட்டவர் எண்மர், எண்மரும் ஆண்கள். எழுதியவன் நான். அதிலுள்ள குறை அன்று என் கண்ணிலும் படவில்லை. பெண்கள் வகுத்த நேரப் பங்கை நான் ‘சமபங்கு’ என்ற ஒரே சொல்லில் சுருக்கிவிட்டேன். அடுத்த வறட்சியில் அச்சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் கண்டார்கள், இணக்கம் முறிந்தது. குடம் சுமந்தறியாதவன் எழுதிய தண்ணீர்ப் பத்திரத்துக்கு வேறென்ன கதி?

இச்சிறு பத்திரத்தின் கதையே இந்நாட்டின் பெருங்கதையுமாகும். 1984இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் கூட்டங் கூட்டமாகக் கைதுசெய்யப்பட்டபோது, அன்னையர் முன்னணி என்ற பெயரில் தாய்மார் தெருவில் இறங்கினர். 1990இல் மாத்தறையில் சிங்களத் தாய்மாரும் அதே பெயரில் திரண்டு, காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டனர்.

இவை நமக்குத் தொலைவான செய்திகளா? 1981 ஆகஸ்டில் இந்த இரத்தினபுரி மாவட்டத்திலேயே தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். இங்கிருந்து புலுத்தொட்ட மலைப்பாதையில் ஏறினால் சூரியகந்த; அங்கே 1994 ஜனவரியில் மனிதப் புதைகுழியொன்று தோண்டப்பட்டது. எம்பிலிப்பிட்டியில் 1989, 1990ஆம் ஆண்டுகளில் கடத்தப்பட்ட பாடசாலை மாணவரின் பெற்றோர் ஓயாமல் நீதி கேட்டனர். 1999 பெப்ரவரியில் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் அதிபர் ஒருவருக்கும் இராணுவத்தினர் சிலருக்கும் சிறைத்தண்டனை விதித்தது. மேல், தென், சப்ரகமுவ மாகாணங்களில் காணாமற்போனோரைப் பற்றி விசாரிக்க 1994இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் மனூரி முத்தெட்டுவேகம என்னும் பெண் சட்டத்தரணியே.

அழவும் தேடவும் வழக்காடவும் பெண் முன்னின்றாள். பேசித் தீர்க்கும் மேசை போடப்பட்டபோது அவளுக்குக் கிடைத்தது என்ன? 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின், அரசின் பக்கத்தில் ஐவரும் விடுதலைப் புலிகளின் பக்கத்தில் ஐவருமாகப் பெண்களின் உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. அது 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடியது. அடுத்த மாதமே பேச்சுவார்த்தை நின்றது. உபகுழுவின் பணியும் அதனோடு நின்றது. தீர்மானிக்கும் மேசை ஆடவர் கையில். அது கவிழ்ந்தபோது பெண்களின் முயற்சியையும் சேர்த்தே கவிழ்த்தது.

சமாதான முயற்சிகளில் பெண்களுக்கு முழுப்பங்கு வேண்டுமென ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2000 அக்டோபரில் 1325ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதையொட்டிய முதலாவது தேசியச் செயற்றிட்டத்தை இலங்கை 2023இல் ஏற்றது. தீர்மானம் நியூயோர்க்கில் இருக்கிறது. திட்டம் கொழும்பில் இருக்கிறது. றக்வானையில் என்ன இருக்கிறது?

ஒன்று இருக்கிறது, தாய்மார்களே! 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபையைச் சொல்கிறேன். அங்கே என்னைப் போன்ற சட்டத்தரணிகள் எழுந்து வாதாட இடமில்லை. (சிரிப்பு.) வழக்காளர் இருவரும் சபையின் பட்டியலிலிருந்து ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவர், அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராகத் தெரிவர். ஆனால் பட்டியலில் இல்லாதவரை எவரும் தெரிவுசெய்ய முடியாது. ஆகவே உங்கள் பெயர் முதலில் பட்டியலில் ஏறவேண்டும். அரசியல் சார்பற்ற அமைப்புகள் பெயர்களைப் பிரேரிக்கச் சட்டம் இடமளிக்கிறது. மாதர் சங்கமும் கோயில் சபையும் மரண உதவிச் சங்கமும் எதற்காக இருக்கின்றன? தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்த பெண்கள் இத்தோட்டங்களில் நிறைந்திருக்கிறார்களே!

பெண்ணுக்கு நேரம் எங்கே என்று ஆண் தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்; அதற்கு விடை சொல்லவேண்டியவர்களும் அவர்களே. சபைக்குப் போகும் நாளில் அடுப்பை மூட்டவும் பிள்ளையைப் பார்க்கவும் ஆண்களுக்குக் கையில்லையா? எமது கட்சிகளையும் தொழிற்சங்கங்களையும் நான் விட்டுவிடவில்லை. கொழுந்தெடுக்கும் பெண்ணிடம் மாதந்தோறும் சந்தா வாங்குகிறோம். தோட்டத் தலைவர் பதவியை ஆணிடம் கொடுக்கிறோம். ஊர்வலத்தின் முன்வரிசையில் அவளை நிறுத்துகிறோம்; துரையோடு பேசும் அறைக்கு வெளியே அவளைக் காக்கவைக்கிறோம். இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

இறுதியாக, அந்தப் பீலிக்கு வருகிறேன். முறிந்த பத்திரத்தை மீண்டும் எழுதவேண்டியிருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை இரு பக்கத்தாரும் பீலியடியில் கூடச் சம்மதித்திருக்கிறார்கள். இம்முறை பெண்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். தமிழிலும் சிங்களத்திலும் வாசித்துக் காட்டுவேன். காலை யாருக்கு, மாலை யாருக்கு என்பது அவர்கள் வகுத்தபடியே அதில் நிற்கும். கையெழுத்துத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் இடட்டும். சட்டத்தின் கண்ணில் அதற்கும் மதிப்புண்டு. அவ்வடையாளங்கள் விழாமல் அப்பத்திரத்தில் என் கையொப்பம் விழாது.