“ஒரே யோசனையா இருக்குங்க”

உளவியல் துறையிலிருந்தும் தமிழ்த் துறையிலிருந்தும் வந்து இந்தக் கருத்தரங்கில் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கிறீர்கள்.

முதல் அமர்வுக்கு இப்போதே கால் மணி நேரம் தாமதம். அதனால் ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். நான் ஆய்வாளன் அல்லன். அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் முப்பது ஆண்டுகள் மனநோய் மருத்துவனாக உட்கார்ந்தவன்.

ஒருநாள், தலைவலிக்கு எல்லா மாத்திரைகளும் கொடுத்துப் பார்த்து அலுத்துப்போன பொது மருத்துவப் பிரிவிலிருந்து ஓர் அம்மாவை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். வயது நாற்பத்தைந்து இருக்கும். மனச்சோர்வை அளக்க உலகமெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவத்தின் தமிழாக்கம் என் மேசையில் இருந்தது. முதல் கேள்வியைப் படித்தேன்: கடந்த இரண்டு வாரங்களில் செய்யும் வேலைகளில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருக்கிறதா? அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வேலையில என்னங்க சார் ஆர்வம்? செஞ்சுதானே ஆகணும்?” குறையவில்லை என்று பூஜ்யம் போட்டேன். ஒன்பது கேள்விகளும் முடிந்தபோது, படிவத்தின்படி அவருக்கு எந்தக் குறையும் இல்லை!

படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, “வீட்ல எல்லாரும் எப்படிம்மா இருக்காங்க?” என்றேன். “ராத்திரி படுத்தா ஒரே யோசனையா இருக்குங்க. நெஞ்சுல கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு. வீட்டுக்காரரு எங்கிட்ட பேசி ரெண்டு மாசம் ஆவுது. சோறு வேணும்னாகூட சின்னவகிட்டதான் கேப்பாரு.” மகனுக்காக மகளிர் குழுவில் வாங்கிய கடன், அது தெரிந்த நாளிலிருந்து கணவரின் மௌனம், அன்றிலிருந்து தலைவலி. எல்லாம் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.

படிவத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இன்றும் நான் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த ‘யோசனை’ என்ற சொல்லைப் பாருங்கள். அது சிந்தனை அல்ல. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்கும் ஒரு நோவு. ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் இதற்கு ‘குஃபுங்கிசிசா’ என்று பெயர். அளவுமீறி யோசிப்பது என்று பொருள். அங்கே மருத்துவர் டிக்சன் சிபாண்டா அந்தச் சொல்லையே கையில் எடுத்துக்கொண்டார். ஹராரே நகரின் எம்பாரே பகுதியில் 2006இல் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே போட்ட மர பெஞ்சில் உட்காரவைத்தார். முதலில் அதற்கு மனநல பெஞ்சு என்று பெயர். யார் வந்து உட்காருவார்கள்? ‘நட்பு பெஞ்சு’ என்று மாற்றச் சொன்னவர்கள் அந்தப் பாட்டிமார்தாம். பின்னால் 573 பேரைக் கொண்டு 24 சுகாதார நிலையங்களில் முறையாக ஆராய்ந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு அறிகுறிகள் நன்றாகவே குறைந்திருந்தன. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் அந்த முடிவுகளை வெளியிட்டது.

நம்மிடம் சொல் இல்லாமலா போயிற்று? மன உளைச்சல் என்கிறோம். கால் உளைகிறது என்று சொல்கிற அதே உளைச்சல். வயிற்றெரிச்சல், மனப்பாரம், மனசு விட்டுப்போச்சு என்று எத்தனையோ. நாம் செய்ததோ, எல்லாவற்றையும் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடியதுதான். ஆய்வாளர் ஹான்ஸ் செலி 1936இல் எலிகளின் உடலில் கண்ட மாற்றங்களுக்குப் பின்னாளில் பொறியியலிலிருந்து ‘ஸ்ட்ரெஸ்’ என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது; அதைத்தான் நாம் ‘அழுத்தம்’ ஆக்கினோம். அதோடு விட்டோமா? மனச்சோர்வு நோய்க்கும் பத்திரிகைகள் அதே சொல்லைத்தான் எழுதுகின்றன. தேர்வுக்கு முந்தைய நாள் படபடக்கும் பையனுக்கும், மூன்று வாரமாகப் பாயைவிட்டு எழாத பெண்ணுக்கும் ஒரே சொல். இரண்டாமவருக்கு மருந்து வேண்டியிருக்கலாம் என்று வீட்டாருக்கு எப்படித் தெரியும்? இன்னொன்று: நாம் ‘கவுன்சலிங்’ என்பதை ஈழத்தமிழர் ‘உளவளத்துணை’ என்கிறார்கள். இங்கே இன்ஜினியரிங் சீட்டுக்குப் போவதும் கவுன்சலிங்தான்.

நோவுக்கு மட்டுமல்ல, அது தீர்வதற்கும் நம்மிடம் சொல் உண்டு. தமிழில் புண் ஆறுகிறது, காபி ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, மனமும் ஆறுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வினை. காபி தானாகவும் ஆறும், மேலே ஆடை படிந்துகொண்டு. ஆற்றுவதற்கு டம்ளர், டபரா, ஒருவருடைய கை மூன்றும் வேண்டும்.

மனத்தை ஆற்றும் கை யாருடையது என்ற கேள்விதான் சிக்கலானது. உடனே குடும்பத்துடையது என்று சொல்லிவிடுவோம். பாதி உண்மை. 1950களில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யாசாகர் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்கவைத்தார். 1957இல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் உறவினர் உடன் தங்குவதையே மருத்துவ முறையாக்கியது. சரி. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தபடியே தீயில் சிக்கி மாண்ட 28 பேரும் ஏதோ ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்தாமே? கொண்டுவந்து விட்டவர்களில் பலர் குணமாகும் என்று நம்பித்தான் விட்டார்கள். என்னிடம் வந்த அம்மாவின் நெஞ்சில் கல்லை வைத்ததும் குடும்பம்தான். அதனால் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா’ என்று சொல்லும் கட்டுரைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. இந்த மேடையில் அப்படி ஒன்று வந்தால் கருத்தரங்கின் தலைவர் என்ற முறையில் இடைமறிப்பேன், மன்னிக்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது ஓர் அகராதி. நாகர்கோவிலில், கோவையில், யாழ்ப்பாணத்தில், மலேசியத் தோட்டங்களில் மனநோவை மக்கள் எந்தச் சொல்லால் சொல்கிறார்கள், உடம்பில் எந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார்கள் என்று தமிழ்த் துறையினர் திரட்டித் தரட்டும். அந்தச் சொற்களைக் கொண்டு உளவியலார் கேள்விகளை அமைக்கட்டும். தமிழாக்கம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த அம்மாவின் கணவரை அடுத்த வாரம் வரச்சொல்லியிருந்தேன். வந்தார். அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து போகும்போது மனைவியிடம், “மாத்திரைச் சீட்டு எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டார்.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.