அளந்து தைத்த திரையே அறைக்கு அழகு

நடுவர் அவர்களே, ரெடிமேட் திரைக்காகப் பேசிய எதிரணியினர் நிறத்தைச் சொன்னார்கள், பூ டிசைனைச் சொன்னார்கள். ஒருவர்கூட இஞ்ச் டேப்பைக் கையில் எடுக்கவில்லை. திரையின் அழகு அளவிலே தொடங்குகிறது என்பதே எங்கள் அணியின் கட்சி.

கணக்கைப் பாருங்கள். 5 அடி அகல ஜன்னலுக்கு இருபுறமும் அரையடி தள்ளிக் கம்பி போட்டால், திறந்த திரை சுவரில் ஒதுங்கும். வெளிச்சம் கூடுதலாக வரும், ஜன்னலும் பெரிதாகத் தெரியும். கம்பி 6 அடி. மடிப்பு விழ வேண்டுமானால் துணி அதைப்போல இரண்டு மடங்கு, 12 அடி வேண்டும். கடையில் விற்பது பெரும்பாலும் 4 அடி அகலத் துண்டுகள்; ஜோடியாக மாட்டினாலும் 8 அடிதான். இழுத்து மூடினால் கொடியில் காயும் போர்வைதான் அது! உயரத்துக்கு வாருங்கள். நம் வீடுகளில் லிண்டல் பெரும்பாலும் 7 அடியில் நிற்கிறது. அதற்கு அரையடி மேலே கம்பி போட்டால் கூரை உயர்ந்ததாகத் தோன்றும். திரை தரையைத் தொட ஏழரை அடி வேண்டும். ரெடிமேடில் கிடைப்பவை 5, 7, 9 அடி. ஏழடித் திரை மடித்துக் கட்டிய வேட்டிபோல மேலேயே நிற்கும். ஒன்பதடித் திரை தரையைப் பெருக்கும். அளந்து தைத்தால், 48 அங்குல அகலத் துணியில் 8 மீட்டர் போதும்: மூன்று அகலம், மேலும் கீழும் நாலு நாலு அங்குல மடிப்பு, சுருக்கத்துக்குக் கொஞ்சம் மிச்சம். மூன்றாவது அகலத்தை நெடுக்கில் பிளந்து இருபுறமும் இணைக்க டெய்லரால் முடியும், ரெடிமேட் பாக்கெட்டால் முடியாது.

துணியைத் தேர்ந்தெடுக்கவும் நம் மங்கலத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னியது. தொங்கவிட்டால் தன் கனத்திலேயே நீண்டு தொய்யும். மங்கலத்து விசைத்தறியில் பாவும் ஊடும் சேர்ந்து நெய்த துணி நேராக நிற்கும். வீட்டு உபயோகத் துணிக்குப் பேர்போன கரூரும் சென்னிமலையும் தூரமில்லை.

"பருத்தி சுருங்கும், வெயிலில் வெளுக்கும், பாலியஸ்டருக்கு இஸ்திரி வேண்டாமே" என்பார்கள். இஸ்திரி விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் வழி இருக்கிறது. வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைத்தால் சுருக்கம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துபோகும். மேற்கு ஜன்னல் திரைக்குப் பின்புறம் காடா துணியில் லைனிங் கொடுத்தால் வெயிலை அது வாங்கிக்கொள்ளும். "வாடகை வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்?" என்று கேட்டார்கள். அவருக்குத்தான் இது அதிகம் உதவும். கீழ்மடிப்பை அகலமாக வைத்துத் தைத்தால், அடுத்த வீட்டு ஜன்னலுக்கு ஏற்ப இறக்கிவிடலாம். தையல் கூலி கூடுதல்தான்; ஆனால் ஒரே ஜன்னலுக்கு இரண்டு முறை திரை வாங்குவது அதைவிடக் கூடுதல்.

நடுவர் அவர்களே, 12 அடி கேட்கும் இடத்துக்கு 8 அடி போதுமா என்பதை மட்டும் சொல்லுங்கள். அதுவே தீர்ப்பு.