துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு

(எமது சங்கத்தின் முதியோர் ஒன்றுகூடலில் அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடுமையான வருத்தத்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த கணவனை அல்லது மனைவியை எப்படிப் பராமரிப்பது என்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் டொக்டரும் இல்லை, நேர்சும் இல்லை. 2022ஆம் ஆண்டு என்னுடைய மனைவிக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் இழுத்து, பேச்சும் போயிற்று. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தா. அன்றிலிருந்து வீட்டில் நான்தான் பார்த்து வருகிறேன். அதில் அறிந்ததைத்தான் சொல்லப்போகிறேன். நான் சொல்வது இங்கிலாந்து நடைமுறை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சில விதிகள் வேறு.

ஊரில் ஒருவர் பாயில் விழுந்தால் வீடு நிறைய ஆள். மாமி கஞ்சி காய்ச்சுவா, மச்சாள் உடுப்புத் தோய்ப்பா, பக்கத்து வீட்டுப் பொடியன் சைக்கிளில் போய் மருந்து வாங்கி வருவான். 1983க்குப் பிறகு நாங்கள் ஆளுக்கொரு நாடாய்ச் சிதறிவிட்டோம். என் மனைவியின் சகோதரி ஒருத்தி கனடாவில், மற்றவ வவுனியாவில். அங்கே பத்துப் பேர் செய்த வேலையை இங்கே ஒருவர் செய்யவேண்டி வருகிறது. அது ஒரு கிழமைக்கு ஏலும், ஒரு மாதத்துக்கும் ஏலும். வருசக்கணக்கில் ஏலாது. பார்க்கிறவர் விழுந்தால் படுத்திருப்பவர் திரும்ப ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேணும். ஆகவே உதவி கேளுங்கோ. அதையும் துண்டு வெட்ட முதலே கேளுங்கோ. நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

துண்டு வெட்ட முதல்

"நாளைக்கு வீட்டை போகலாம்" எண்டு நேர்ஸ் சொன்னவுடன் எங்கட ஆக்கள் சந்தோசத்தில் தலையாட்டிவிடுவினம். ஆட்ட முதல் நாலு கேள்வி கேட்கவேணும். காலையும் மாலையும் வீட்டுக்கு உதவிக்கு யார் வருவார்கள்? கட்டில், கொமோட் கதிரை எல்லாம் என்றைக்கு வரும்? தூக்குவதற்கும் மருந்து கொடுப்பதற்கும் எனக்கு யார் பழக்குவார்கள்? இரவில் ஏதும் நடந்தால் எந்த நம்பருக்கு அடிப்பது? இப்படிக் கேட்பது சண்டை பிடிப்பது ஆகாது. பராமரிப்புத் தேவைப்படும் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது, அவரையும் பார்க்கப் போகிறவரையும் கூடிய விரைவில் கலந்து திட்டம் போடவேணும் எண்டு 2022ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லுது.

எங்களை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அனுப்பப் பார்த்தார்கள். விசாரித்தால், கட்டில் திங்கட்கிழமைதான் வருமாம். "கட்டில் வராமல் இவவை எங்கே கிடத்துறது?" எண்டு மரியாதையாகக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை அனுப்பினார்கள்.

வீட்டில் என்ன வேணும் எண்டு தீர்மானிப்பவர் ஓ.ரி. எனப்படும் தொழில்வழிச் சிகிச்சையாளர். அவருக்கு உங்கள் படிக்கட்டையும் குளியலறையையும் உள்ளபடி சொல்லுங்கோ. ஆயிரம் பவுணுக்கு உட்பட்ட உபகரணங்களும் சிறு மாற்றங்களும் இலவசம். குளியலறையையே மாற்றவேணுமெண்டால் கவுன்சிலிடம் விண்ணப்பிக்கலாம். அந்த உதவி 30,000 பவுண் வரை போகும், ஆனால் வருமானம் பார்ப்பார்கள். திரும்ப எழும்பி நடக்கப் பழக்குவதற்காக, ஆறு கிழமை வரை காசில்லாமல் வீட்டுக்கு ஆட்களை அனுப்பும் ஒழுங்கும் இருக்கு. அது எங்களுக்குக் கிடைக்குமோ எண்டு பெயர் சொல்லிக் கேட்கவேணும்.

எங்கட தோலும் எங்கட சாப்பாடும்

படுக்கையில் இருப்பவருக்குப் பெரிய எதிரி படுக்கைப் புண். குதிக்கால், இடுப்பு, நடுமுள்ளின் அடி, முழங்கை, தோள்பட்டை, இந்த இடங்களை ஒவ்வொரு நாளும் பார்க்கவேணும். இங்கே ஆஸ்பத்திரியில் தரும் பல துண்டுப்பிரசுரங்களில் "தோல் சிவந்தால் சொல்லவும்" எண்டு எழுதியிருக்கும். வெள்ளைத் தோலில் சிவப்புத் தெரியும், எங்கட தோலில் தெரியாது. அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கறுத்தோ ஊதா நிறமாகவோ இருக்கா, தொட்டால் சுடுதா, இறுகியிருக்கா அல்லது பொதபொத எண்டு இருக்கா எண்டு கையால் தடவிப் பார்க்கவேணும். வித்தியாசம் தெரிந்தால் அன்றைக்கே டிஸ்ரிக்ற் நேர்சுக்கு அறிவியுங்கோ. எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டவேணும் எண்டு அவர்கள் சொல்லுவார்கள். எங்களுக்கு நாலு மணித்தியாலம். இதற்கென்று காற்று அடிக்கும் மெத்தையும் தந்தார்கள்.

அடுத்தது சாப்பாடு. பாரிசவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவது கஷ்டம். சாப்பாடோ தண்ணியோ சுவாசப்பைக்குள் போனால் நியூமோனியா வரும். ஆகவே பேச்சுப் பயிற்சியாளர் விழுங்குவதைச் சோதித்து, என்ன பதத்தில் கொடுக்கவேணும் எண்டு எழுதித் தருவா. அவ தந்த பட்டியலில் மசித்த உருளைக்கிழங்கும் கஸ்ரட்டும்தான் இருந்தது. பிட்டு எண்டால் என்ன, சொதி எண்டால் என்ன எண்டு அவவுக்கு எப்படித் தெரியும்? நான் ஒருநாள் சின்னப் பெட்டிகளில் சோறு, பிட்டு, இடியப்பம் சொதி எல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன். பிட்டு உதிரும், தொண்டையில் சிதறும், அது வேண்டாம் எண்டா. உதிரியான சோறும் அப்படித்தான். சொதி விட்ட இடியப்பத்தில் தண்ணியும் கட்டியும் ஒன்றாய் வாய்க்குள் போகும், அதுதான் எல்லாத்திலும் ஆபத்து எண்டா. குழைய அவித்து மசித்து வடித்த கஞ்சியும், பருப்பும் பூசணிக்காயும் மசித்ததும் சரி எண்டு சொன்னா. இது என் மனைவிக்குச் சொன்னது. உங்கட ஆளுக்கு வேறாய் இருக்கலாம். ஆனால் எங்கட சாப்பாட்டைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கோ.

நேராக இருத்தி, சின்னக் கரண்டியால், ஒரு வாய் விழுங்கின பிறகுதான் அடுத்த வாய். சாப்பிட்டபின் அரை மணித்தியாலமாவது படுக்க விடவேண்டாம். சாப்பிடும்போது இருமினால், குரல் தண்ணிக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்டால், காய்ச்சல் வந்தால் உடனே சொல்லுங்கோ. குளிசையை இடித்துக் கொடுக்க முதல் பார்மசியில் கேட்கவேணும். சில குளிசை இடித்தால் மருந்து முழுவதும் ஒரேயடியாய் உடம்பில் ஏறிவிடும். ஊரிலிருந்து வரும் நாட்டு மருந்து கொடுப்பதானாலும் முதலில் கேளுங்கோ. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தோடு அது ஒத்துவராமல் போகலாம்.

தூக்குவதும் கழுவுவதும்

இழுத்த கையில் பிடித்து ஆளைத் தூக்கக்கூடாது. தோள்மூட்டு கழன்று வாழ்நாள் முழுக்க நோகும். பார்க்க வருகிறவர்கள் பாசத்தில் அந்தக் கையைப் பிடித்து இழுப்பார்கள், அவர்களுக்கும் சொல்லி வையுங்கோ. தனியாளாய் முழுப் பாரத்தையும் தூக்கவேண்டாம். வழுக்கும் விரிப்பும் தூக்கும் இயந்திரமும் இருக்கு. பழக்கித் தரச் சொல்லிக் கேளுங்கோ.

கழுவுவதைப் பற்றிச் சபையில் பேசச் சிலருக்குக் கூச்சமாய் இருக்கும். ஆனால் பேசாமல் விட்டால் வீட்டில் கஷ்டப்படுவது பெண்கள்தான். கவுன்சில் உதவியாள் வரும்போது, பெண்தான் வேணும் எண்டு கேட்கலாம். அவர்கள் வராத நேரம் நான்தான் செய்கிறேன். முதல் சில நாள் இவ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தா. பிறகு ஒரு நேர்ஸ் முறையைக் காட்டித் தந்தா. முழு உடம்பையும் துவாயால் மூடிவிட்டு, கழுவுகிற பகுதியை மட்டும் திறந்து, கழுவித் துடைத்து மூடவேணும். தொட முதல் சொல்லவேணும். முகம் கழுவும் துணியை நல்ல கையில் கொடுத்துவிடவேணும். இவ இடது கையால் தன் முகத்தைத் தானே துடைப்பா, நெற்றியில் திருநீறும் தானே பூசுவா. அன்றிலிருந்து சுவரைப் பார்ப்பது நின்றது.

"ஆம்பிளை இந்த வேலை செய்யிறதோ?" எண்டு கேட்டவர்களும் உண்டு. வேறு யார் செய்வது எண்டு நான் திருப்பிக் கேட்டேன், பதில் வரவில்லை.

தமிழில் கேட்கும் உரிமை

பேச்சு போன ஒருவரை ஆங்கிலத்தில் சோதித்தால், வருத்தத்தால் வராமல் போன பேச்சு எது, முதலே தெரியாத ஆங்கிலம் எது எண்டு பிரிக்கேலாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு கேளுங்கோ. என்.எச்.எஸ்ஸில் அதற்குக் காசில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையை மறித்துக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்க விடாதீர்கள். தாயின் மலசலத்தைப் பற்றியும் பிழைப்பாவா எண்டதைப் பற்றியும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயால் சொல்லவைப்பது பாவம்.

இன்னொன்று. எங்கட ஆக்கள் "ஓம்" எண்டதற்குத் தலையைப் பக்கத்துக்குச் சரிப்பினம். இங்கத்தைய நேர்சுக்கு அது "இல்லை" எண்டு விளங்கும். இவவிடம் "நோகுதா?" எண்டு கேட்டபோது இதுதான் நடந்தது. கட்டிலின் தலைமாட்டில் இதை ஒரு தாளில் எழுதி ஒட்டினோம்.

இவவுக்குத் "தண்ணி" எண்டு சொல்ல வராது. ஆனால் நான் தேவாரம் தொடங்கினால் கூடவே பாடுவா. மனப்பாடமாய் வந்த பாட்டும் எண்ணிக்கையும் சிலருக்கு இப்படி மிஞ்சி நிற்கும் எண்டு பேச்சுப் பயிற்சியாளர் விளங்கப்படுத்தினா. ஆகவே பேசாதவருக்கு ஒன்றும் விளங்காது எண்டு நினைத்து அவருக்கு முன்னால் எதையும் கதைக்கவேண்டாம்.

படிவங்கள்

ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களுக்கு அற்றென்டன்ஸ் அலவன்ஸ், அதற்குக் குறைந்தவர்களுக்குப் பி.ஐ.பி. இரண்டுக்கும் வருமானமோ சேமிப்போ பார்ப்பதில்லை. கிழமைக்கு 35 மணித்தியாலமாவது பார்க்கிறவர் கெயரேர்ஸ் அலவன்சுக்கு விண்ணப்பிக்கலாம். வேலை செய்கிறவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு ஒரு கிழமை சம்பளமில்லாத பராமரிப்பு விடுமுறை சட்டப்படி உண்டு. படிவத்தில் எங்கட ஆக்கள் மானத்துக்காக "சமாளிக்கிறா" எண்டு எழுதுவினம். அப்படி எழுதினால் கிடையாது. கஷ்டமான நாள் எப்படி இருக்குமோ அதை உள்ளபடி எழுதுங்கோ. சிற்றிசன்ஸ் அட்வைஸில் நிரப்பவும் உதவுவார்கள்.

விசாவில் அரச உதவிப்பணம் பெறமுடியாது எண்டு நிபந்தனை உள்ளவர்கள், இந்த விண்ணப்பங்களைப் போட முதல் குடிவரவு ஆலோசகரைக் கேட்கவேணும். ஆனால் பயத்தில் வைத்தியத்தை விடவேண்டாம். அகதிக் கோரிக்கைக்கு முடிவு வராதவர்களுக்கும் என்.எச்.எஸ் வைத்தியம் இலவசம். கவுன்சிலின் பராமரிப்பு மதிப்பீடும் அந்த உதவிப்பணக் கணக்கில் சேராது.

பார்க்கிறவரைப் பார்ப்பது யார்?

உங்கட ஜீ.பீ.யிடம் "நான் பராமரிப்பவர்" எண்டு பதிந்து வையுங்கோ. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பார்க்கிறவருக்கும் தனியாக ஒரு மதிப்பீடு செய்யும்படி கவுன்சிலிடம் கேட்கலாம். அதில் "உங்களால் இதைத் தொடர்ந்து செய்ய ஏலுமா, விருப்பமா?" எண்டு கேட்பார்கள். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் ஒரு வெள்ளைக்காரப் பெண். எங்கட ஆக்கள் ஒருவரும் அதுவரை கேட்கவில்லை.

குறையாய்ச் சொல்லவில்லை. எங்கட ஆக்கள் வருவார்கள், கூட்டமாய் வருவார்கள். ஒரேஞ்சும் ஹோர்லிக்ஸும் கொண்டு வருவார்கள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கவேணும். இவவுக்கு முன்னாலேயே "எப்படி ஓடித் திரிஞ்ச மனுசி, பாவம்" எண்டு கண் கலங்குவார்கள். இரவு பத்து மணிக்கு எழும்பிப் போவார்கள். அவர்கள் போன பிறகு இவ அழுவா.

ஒரேயொருவர், மனைவியின் பழைய வேலைத்தலத் தோழி, செவ்வாய்க்கிழமை தோறும் இரண்டு மணித்தியாலம் வந்து இருப்பா. "அண்ணை, நீங்கள் போய்ப் படுங்கோ" எண்டுவா. இவவுக்குத் தலை வாரிவிடுவா, வானொலி போட்டுவிடுவா. நான் மேலே போய் நித்திரை கொள்வேன். மூன்று வருசத்துக்கு மேலாய் நான் விழாமல் நிற்பதற்கு அந்த இரண்டு மணித்தியாலமும் ஒரு காரணம்.

ஆகவே செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் பகுதியில் வீட்டோடு படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர் எண்டு, அவர்கள் சம்மதத்தோடு, ஒரு பட்டியல் எடுப்போம். வீட்டுக்கு ஒருவர், கிழமைக்கு இரண்டு மணித்தியாலம், முறை வைத்துப் போவோம். காசு சேர்க்கத் தேவையில்லை. இன்று கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். உதவி தேவைப்படுகிறவர்கள் ஒரு பக்கம், நேரம் தரக்கூடியவர்கள் மறுபக்கம் எழுதுங்கோ. தேவைப்படுகிறவர்கள் பக்கத்தில் முதல் பெயராய் என் பெயரை நானே எழுதியிருக்கிறேன். வெட்கப்படாமல் அடுத்ததை எழுதுங்கோ.