ஹாக்கி வெற்றிக்குக் காரணம் கோல்கீப்பரே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! அதிர்ஷ்டத்தை நம்பி வந்திருக்கும் எதிரணி நண்பர்களே! மதுரை மண்ணின் பெருமக்களே!

இப்பப் பேசிட்டுப் போன எதிரணி நண்பர் கேட்டாரு: "பந்து கம்பத்துல பட்டு வெளியே போச்சு. இதுல கோல்கீப்பர் என்னய்யா செஞ்சாரு? அதிர்ஷ்டம்தானே?"

சரி, அந்தப் பந்து ஏன் கம்பத்துக்குப் போச்சு? ஹாக்கி கோல் 3.66 மீட்டர் அகலம். கோல்கீப்பர் கோட்டு மேலயே நின்னா, அடிக்கிறவனுக்கு ரெண்டு பக்கமும் இடம் தெரியும். நாலடி முன்னால வந்து நின்னா? வழி அடைஞ்சுபோகும்! ஓரத்தைப் பார்த்துத்தான் அடிச்சாகணும். ஓரத்துல என்னங்கய்யா இருக்கு? கம்பம் இருக்கு! (கைதட்டல்)

2025 டிசம்பர் 2. இதே மதுரையில் ஜூனியர் உலகக் கோப்பை. சுவிட்சர்லாந்தை இந்தியா 5-0 என்று வென்றது. அந்த அஞ்சைப் பத்தி ஊரே பேசுச்சு. அந்தப் பூஜ்யத்தைப் பத்தி யாராவது பேசினோமா?

அடுத்து சென்னையில் கால் இறுதி. முடியப்போற நேரத்துல பெல்ஜியம் கோல் போட்டு 2-2 ஆக்கிருச்சு. அதிர்ஷ்டம் நம்மைக் கைவிட்டுருச்சு, நடுவர் அவர்களே! ஷூட் அவுட். 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருத்தன் பந்தோட வருவான். எட்டே விநாடி. எதிரே ஒரே ஆள். அங்கே பிரின்ஸ்தீப் சிங் தடுத்து நின்றார். 4-3 என்று வென்றோம். அதிர்ஷ்டம் போன பிறகு காப்பாத்தினது யாரு?

அந்த அணிக்கு அப்போ பயிற்சியாளரா இருந்தது யாரு? ஸ்ரீஜேஷ்! 2021-ல் டோக்கியோவில் ஜெர்மனியோடு ஆட்டம். 5-4 என்று முன்னிலை. முடியச் சில விநாடிகளே இருக்க, பெனால்டி கார்னர். அதைத் தடுத்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு நமக்குப் பதக்கம் கிடைத்தது.

இதுல நான் ஏன் இவ்வளவு சூடாகிறேன்? நம்ம தெருவுல எவனுக்கு ஓட வராதோ, அவனைத்தான் கோல்ல நிறுத்துறோம். தோத்தா, "இவனாலதான் போச்சு!" ஜெயிச்சா, "அதிர்ஷ்டம்யா!" பழி அவனுக்கு, புகழ் அதிர்ஷ்டத்துக்கா? இப்படிப் பேசினா, நாளைக்கு எந்தப் புள்ளைய்யா கோல்ல நிக்க வரும்?

அதிர்ஷ்டம் ரெண்டு அணிக்கும் பொதுவாக வரும், போகும். அறுபது நிமிஷமும் போகாம நிக்கிறவன் கோல்கீப்பர் ஒருத்தன்தான். ஆகவே, வெற்றிக்குக் காரணம் கோல்கீப்பரே என்று நல்ல தீர்ப்பு வழங்கும்படி கேட்டு அமர்கிறேன்.